இல்லாத கையும் உணராத கையும்

வெட்டி எடுத்து மாதக்கணக்கான கையில், விரல்நகம் உள்ளங்கையைக் குத்துகிறது என்று ஒருவர் இரவெல்லாம் தூங்காமல் கிடக்கிறார். இன்னொருவர் கொதிக்கும் சட்டியை வெறுங்கையால் இறக்கி வைக்கிறார். தோல் வெந்த வாடை வந்த பிறகுதான் குனிந்து தன் கையைப் பார்க்கிறார். முதலாமவருக்குக் கை இல்லை, வலி இருக்கிறது. இரண்டாமவருக்குக் கை இருக்கிறது, வலி இல்லை. ‘என் உடம்பு’ என்று நாம் சொல்லிக்கொள்வது எங்கே, எப்படி உண்டாகிறது என்ற கேள்விக்கு, நல்ல உடம்புள்ள நூறு பேரைச் சோதித்தும் கிடைக்காத விடை இந்த இருவரையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது கிடைக்கிறது.

இந்த ஒப்பீட்டைத் தமிழ்நாட்டில் இருந்துகொண்டு செய்வதற்குத் தனி நியாயம் உண்டு. இல்லாத கையைப் பற்றி உலகுக்குப் புதிதாகச் சொன்ன நரம்பியல் அறிஞர் விளையனூர் எஸ். இராமச்சந்திரன், 1951-இல் தமிழ்நாட்டில் பிறந்து சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கேம்பிரிட்ஜில் ஆய்வுப்பட்டம் பெற்று, கலிபோர்னியாவின் சான் டியேகோவில் பணியாற்றியவர். உணராத கையைப் பற்றிச் சொன்ன அறுவை மருத்துவர் பால் பிராண்ட், 1914-இல் கொல்லிமலையில் ஊழியம் செய்த ஆங்கிலேயத் தம்பதிக்குப் பிறந்தவர். மலைவாழ் பிள்ளைகளோடு வெறுங்காலில் ஓடி வளர்ந்தவர். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தவர். இராமச்சந்திரனின் கண்ணாடிப் பெட்டியை உலகமே அறியும். பிராண்டின் பெயர் தொழுநோய் மருத்துவத்தைத் தாண்டி அதிகம் பேசப்படவில்லை. இருவரும் ஒரே பொருளின் இரண்டு பாதிகளைக் கண்டவர்கள் என்பதும், பிராண்ட் கண்ட பாதியே கனமானது என்பதும் என் கருத்து.

நலமான உடம்பிலிருந்து தொடங்கலாம். தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தை விட்டுத் தெற்கே மெஞ்ஞானபுரம் பக்கம் போனால் குதிரைமொழித் தேரியின் செம்மணல் தொடங்கிவிடும். அந்தப் பனங்காட்டில், காலில் தளைநார் மாட்டி மரம் ஏறுகிற பனையேறியைக் கவனித்துப் பாருங்கள். அவர் கண் காலைப் பார்ப்பதில்லை. மேலே கொண்டையில் இருக்கிறது. எந்த முழங்கால் எவ்வளவு மடங்கியிருக்கிறது, எந்தப் பாதம் எந்தச் சொரசொரப்பில் பதிந்திருக்கிறது என்பதை அவர் யோசிப்பதும் இல்லை. தசைக்குள்ளும் தசைநாண்களிலும் மூட்டைச் சுற்றியும் உள்ள நுண்ணிய உணர்விகள் இழுப்பையும் மடிப்பையும் நொடிக்கு நொடி மூளைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. உள்காதின் சமநிலை உறுப்பு, மேல் எது கீழ் எது என்று சொல்கிறது. இந்த ஆறாவது புலனுக்கு 1906-இல் பெயரிட்டவர் ஆங்கில உடலியல் அறிஞர் சார்ல்ஸ் ஷெரிங்டன். மேலே போனதும் பனையேறி பாளையின் நுனியை அரிவாளால் காகிதம் போலச் சீவுகிறார். கொஞ்சம் ஆழமாகப் போனால் பாளை வீண், மேலோட்டமாகப் போனால் பதநீர் சுரக்காது. அந்த நேரத்தில் அவருக்குத் தொடுவுணர்வு கைப்பிடியில் இல்லை, அரிவாளின் விளிம்பில் இருக்கிறது. ஹென்றி ஹெட், கோர்டன் ஹோம்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் 1911-லேயே இதைச் சொல்லிவிட்டார்கள்: நம் அசைவில் பங்கெடுக்கும் கருவியும் மூளை வைத்திருக்கும் உடல்வரைவில் சேர்ந்துவிடுகிறது. 1996-இல் ஜப்பானில் அத்சுஷி இரிகியின் குழு, சிறு வாரியால் தின்பண்டத்தை இழுக்கப் பழகிய குரங்குகளின் மூளையில் இதை நேரிலேயே பார்த்தது. கைக்கு அருகில் வரும் பொருளைக் கண்டு துடித்த நரம்பணுக்கள், பழகிய பிறகு வாரியின் நுனிவரை உள்ள இடத்துக்கும் துடித்தன.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அசையச் சொல்லித் தசைக்குக் கட்டளை அனுப்பும்போதே மூளை அதன் நகல் ஒன்றைத் தனக்கும் வைத்துக்கொள்கிறது. ‘இந்தக் கட்டளைக்கு இப்படித்தான் பதில் வரும்’ என்று முன்கூட்டியே கணித்து, வந்த பதிலோடு ஒப்பிடுகிறது. இரண்டும் பொருந்தினால் ‘நான் செய்தேன்’ என்ற எண்ணம் சத்தமில்லாமல் எழுகிறது. பொருந்தாவிட்டால் யாரோ செய்தது போல இருக்கும். எரிக் ஃபான் ஹோல்ஸ்ட் ஜெர்மனியிலும் ரோஜர் ஸ்பெர்ரி அமெரிக்காவிலும் 1950-இல் தனித்தனியே இந்த முடிவுக்கு வந்தார்கள். தன்னைத் தானே கிச்சுகிச்சு மூட்டிக்கொள்ள முடியாததற்கும் இதுவே காரணம் என்று 1998-இல் லண்டனில் சாரா பிளேக்மோரும் அவர் கூட்டாளிகளும் மூளைப் படங்களோடு காட்டினார்கள். கணித்தது போலவே வந்த தொடுகையை மூளை பொருட்படுத்துவதில்லை.

ஆக, தன்னுடம்பைப் பற்றிய அறிவுக்கு இரண்டு வேண்டும்: மூளைக்குள் இருக்கும் வரைவு, வெளியிலிருந்து வரும் செய்தி. கை இழந்தவரிடம் வரைவு இருக்கிறது, செய்தி நின்றுவிட்டது. தொழுநோயாளியிடம் கையும் இருக்கிறது, தசைக்குப் போகும் கட்டளையும் பெரும்பாலும் போகிறது, திரும்பி வர வேண்டிய செய்திதான் இல்லை. மேலோட்டமாகப் பார்த்தால் இருவருக்கும் ஒரே குறை. விளைவு மட்டும் ஏன் இப்படி நேரெதிராக இருக்கிறது?

பிராண்டின் கதையை முதலில் எடுத்துக்கொள்கிறேன். 1947-இல் செங்கல்பட்டு தொழுநோய் இல்லத்துக்கு அவரை அழைத்துப்போய்க் காட்டியவர் தொழுநோய் மருத்துவர் ராபர்ட் காக்ரேன். மடங்கிப்போன விரல்களோடு இருந்த ஒரு நோயாளியிடம் பிராண்ட் தன் கையைக் கொடுத்து, முடிந்த மட்டும் அழுத்தச் சொன்னார். வலுவற்ற பிடியைத்தான் அவர் எதிர்பார்த்தார். அந்தப் பிடியோ அவர் கத்தும் அளவுக்கு இறுகியது. தசை கெடவில்லை, சில நரம்புகள் மட்டுமே செத்திருக்கின்றன. தொழுநோயில் சதை தானாக அழுகி விரல் உதிர்கிறது என்று உலகம் முழுக்க நம்பப்பட்ட காலம் அது. நோய்க்கிருமி உடம்பின் குளிர்ந்த பகுதிகளை விரும்பித் தங்குவதையும், முழங்கை, மணிக்கட்டு, முழங்கால் ஆகியவற்றின் அருகே தோலை ஒட்டி ஓடும் நரம்புகள் வீங்கிச் சாவதையும் பிராண்டும் அவர் கூட்டத்தாரும் கண்டறிந்தார்கள். விரல் குறைவது நோயினால் நேராக வருவதல்ல. வலி தெரியாத கையை வைத்துக்கொண்டு வாழ்வதால் வருவது.

அவர்கள் அதை நிறுவிய விதம் பொறுமையான உளவு வேலை. ஒவ்வொரு நோயாளியின் கையிலும் உள்ள ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடினார்கள். பூட்டைத் திறக்கச் சாவியைத் திருகியபோது விரல் எலும்புவரை கிழிந்திருந்தது, திருகியவனுக்குத் தெரியவில்லை. விளக்கைத் தொட்டதால் ஒன்று, சூடான டம்ளரைப் பிடித்ததால் ஒன்று. எதனாலும் விளங்காத ஒரு வகை மட்டும் மிஞ்சியது: ராத்திரி படுக்கும்போது முழுதாக இருந்த விரல் காலையில் குறைந்திருந்தது. விழித்திருந்து பார்த்தபோது தெரிந்தது, தூங்கும் மனிதனின் விரலை எலி தின்றுகொண்டிருந்தது. அதன்பிறகு வீட்டுக்குத் திரும்பும் நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்கள். இந்தச் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கலங்குகிறது. எலியைக் கூட விரட்ட முடியாத அளவுக்கு ஒரு மனிதன் தன் கையை விட்டு விலகியிருக்கிறான்.

அந்த விலகலைத்தான் பிராண்ட் பெரிதாக எடுத்துக்கொண்டார். கையும் காலும் தங்களோடு சேர்ந்தவை என்று தோன்றவில்லை, கருவி போலத்தான் இருக்கின்றன என்று நோயாளிகள் அவரிடம் சொன்னார்கள். தங்கள் புண்ணை அவர்கள் பார்த்த பார்வையில் கவலை இல்லை. வேறு யாருடைய புண்ணையோ பார்ப்பது போல இருந்தது. மேலே சொன்ன பனையேறியோடு இதை வைத்துப் பாருங்கள். அவரிடம் அரிவாள் உடம்பாக மாறுகிறது. இவரிடம் உடம்பு அரிவாளாக மாறுகிறது. கண் பார்க்கிறது, கை அசைகிறது, சொன்ன வேலையைச் செய்கிறது. ஆனாலும் ‘என்னுடையது’ என்ற ஒன்று கழன்றுவிட்டது. கட்டளையும் அசைவும் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பிராண்ட் ஓர் இரவு இதைத் தானே அனுபவித்திருக்கிறார். இங்கிலாந்து போயிருந்தபோது, நெடிய பயணத்துக்குப் பிறகு லண்டன் விடுதியில் காலுறையைக் கழற்றினார். குதிகாலில் உணர்ச்சி இல்லை. ஊசியை எடுத்துக் குத்தினார், ரத்தம் வந்தது, வலிக்கவில்லை. தனக்கும் நோய் வந்துவிட்டது என்று முடிவு செய்து விடியும்வரை விழித்துக் கிடந்தார். காலையில் மறுபடி ஊசியைக் குத்தியபோது வலியில் அலறினார். ரயிலில் ஒரே நிலையில் உட்கார்ந்திருந்ததால் நரம்பு அமுங்கி மரத்துப்போயிருந்தது, அவ்வளவுதான். வலிக்காக அன்று கடவுளுக்கு நன்றி சொன்னதாகப் பின்னாளில் எழுதினார்.

இனி இல்லாத கை. போர்க்களத்தில் கை கால் இழந்தவர்கள் அந்த உறுப்பு இன்னும் இருப்பதாக உணர்வதை, 16-ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு அறுவை மருத்துவர் அம்புருவாஸ் பாரே எழுதினார். 1797-இல் வலக்கையை இழந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன், இல்லாத விரல்களை உணர்ந்தார். ஆன்மா உண்டு என்பதற்கு அதையே சாட்சியாக எடுத்துக்கொண்டார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் காயம்பட்ட சிப்பாய்களைக் கவனித்த சைலஸ் வியர் மிட்செல், 1871-இல் இதற்கு மாய உறுப்பு என்ற பொருள்படும் பெயரை வைத்தார். நூறாண்டுக்கு மேல் இது விநோதமாகவே பார்க்கப்பட்டது. நோயாளிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று சொன்ன மருத்துவர்களும் உண்டு.

இராமச்சந்திரன் 1990-களின் தொடக்கத்தில் எடுத்த கருவி, காது குடையும் பஞ்சுக்குச்சி. கார் விபத்தில் இடக்கை போய் நான்கு வாரமே ஆன பதினேழு வயதுப் பையனின் கண்ணைக் கட்டி, உடம்பில் ஆங்காங்கே தொட்டார். கன்னத்தைத் தொட்டபோது, கன்னத்தோடு இல்லாத கட்டைவிரலிலும் தொடுவது தெரிகிறது என்றான் பையன். மேலுதட்டைத் தொட்டால் சுட்டுவிரல். முகத்திலேயே கையின் படம் விரல் விரலாகக் கிடந்தது. மூளைப் புறணியில் கைக்குரிய பகுதி முகத்துக்குரிய பகுதியை அடுத்து இருப்பதை, நரம்பு அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்ட் அறுவை மேசையில் விழித்திருக்கும் நோயாளிகளின் மூளையை மின்முனையால் தொட்டு 1937-இல் வரைந்து காட்டியிருந்தார். கையின் செய்தி நின்ற குரங்குகளில் அந்த இடத்தை முகத்தின் செய்திகள் பிடித்துக்கொள்வதை 1991-இல் டிம் பான்ஸ் குழு கண்டிருந்தது. இரண்டையும் சேர்த்து, காலியான இடத்துக்குப் பக்கத்து இடத்தின் செய்தி கசிகிறது, மூளை அதைக் கையின் செய்தியாகவே படிக்கிறது என்றார் இராமச்சந்திரன்.

அழகான விளக்கம் இது. ஆனால் முழு விளக்கம் அல்ல. ஆக்ஸ்போர்டில் தமார் மாக்கின் குழு 2013-இல் மாயக்கை வலி உள்ளவர்களின் மூளையைப் படமெடுத்தபோது, கைக்குரிய பகுதி அழியவில்லை, வலி கூடியவர்களிடம் அது இன்னும் நன்றாகவே இருந்தது என்று கண்டது. 2025-இல் வெளிவந்த ஆய்வில், கையை அகற்றும் முன்பே மூன்று பேரைப் படமெடுத்து, அகற்றிய பின்னும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து எடுத்தார்கள். கையின் வரைவு ஏறக்குறைய அப்படியே இருந்தது. இராமச்சந்திரன் பையனின் கன்னத்தில் கண்டது பொய் என்று ஆகிவிடாது. ஆனால் பக்கத்து இடம் படையெடுத்துக் கையின் இடத்தை அழித்துவிடுகிறது என்ற கதை ஆட்டம் கண்டுவிட்டது. நம் ஒப்பீட்டுக்கு இந்தத் திருத்தம் முக்கியமானது. வரைவு பிடிவாதமானது, உறுப்பு போனாலும் தான் போகாது.

இங்கேதான் இரண்டு நோய்களும் ஒன்றையொன்று தொடுகின்றன. 1956-இல் மரியான் சிம்மல் என்ற உளவியலாளர் தொழுநோயாளிகளிடம் ஒரு கேள்வியோடு போனார்: குறைந்துபோன விரல்கள் உங்களுக்கு இன்னும் இருப்பது போலத் தோன்றுகிறதா? ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்த விரல்களுக்கு மாயவிரல் இல்லை. ஆனால் அதே நோயாளிகளுக்கு மருத்துவர் கத்தி வைத்து அகற்றிய உறுப்புகளுக்கு மாய உறுப்பு தோன்றியது. ஒரே ஆள், ஒரே நோய். இழப்பின் வேகம்தான் வேறு. மெல்லக் கரைந்தால் மூளை தன் வரைவை அதற்கேற்பத் திருத்திக்கொள்கிறது. திடீரென்று வெட்டினால் பழைய வரைவு அப்படியே நின்றுபோகிறது. கரைவதும் வெட்டுவதும் ஒரே இழப்பு என்று வெளியிலிருந்து பார்க்கும் நாம் நினைக்கிறோம். மூளைக்கு அவை வெவ்வேறு நிகழ்ச்சிகள். இந்த ஓர் ஆய்வுக்காகவே இரண்டு நோய்களையும் சேர்த்து வைத்துப் படிக்க வேண்டும் என்பேன்.

அசைவைப் பற்றிய அறிவிலும் இப்படியொரு இணை உண்டு. இராமச்சந்திரனிடம் வந்த சிலருக்கு மாயக்கை அசையவில்லை. சிமெண்டில் பதித்தது போல ஒரே கோணத்தில் உறைந்திருந்தது. விசாரித்தால், வெட்டுவதற்கு முன்பே அவர்கள் கை நரம்பு அறுந்து செயலற்றுக் கட்டுத்தூளியில் கிடந்திருக்கும். ‘அசை’ என்று மூளை கட்டளை அனுப்பிய ஒவ்வொரு முறையும் ‘அசையவில்லை’ என்று கண் திருப்பிச் சொன்னது. அந்த அசையாமையை மூளை பாடமாகப் படித்துக்கொண்டது. கை போன பிறகும் பாடம் போகவில்லை. அதை அழிக்க அவர் செய்ததுதான் கண்ணாடிப் பெட்டி. மேல் மூடி இல்லாத அட்டைப்பெட்டியின் நடுவே நிமிர்த்தி வைத்த கண்ணாடி. நல்ல கையை ஒரு பக்கம் நுழைத்துப் பார்த்தால், அதன் பிம்பம் இல்லாத கையின் இடத்தில் தெரியும். இரண்டு கையையும் சேர்ந்தே அசைப்பதாக நினைத்து நல்ல கையை அசைத்தால், கட்டளை போகிறது, ‘அசைந்தது’ என்று கண்ணும் சொல்கிறது. பத்தாண்டாக உறைந்திருந்த மாயக்கை அசைந்ததைக் கண்டு ஒரு நோயாளி துள்ளிக் கூத்தாடினார். பெட்டியை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பழகினார். மூன்று வாரத்தில் மாயக்கையே மறைந்து, விரல்கள் மட்டும் தோளோடு ஒட்டி நின்றன. பிற்கால ஆய்வுகளில் எல்லோருக்கும் இப்படிப் பலன் கிடைக்கவில்லை. சிலருக்கு நன்றாக, சிலருக்குக் கொஞ்சம், சிலருக்கு ஒன்றுமில்லை. ஆனால் செலவு ஒரு கண்ணாடியும் பொறுமையும்தான். நம் மருத்துவமனைகளில் இது இன்னும் பரவலாகச் செய்யப்பட வேண்டிய சிகிச்சை.

இந்தப் பக்கம் வேலூரைப் பாருங்கள். பிராண்ட் 1948 முதல் செய்தது தசைநாண் மாற்று அறுவை. நரம்பு செத்து மடங்கிப்போன கையில், உயிரோடு இருக்கும் தசை ஒன்றின் நாணைப் பிரித்தெடுத்து, செத்த தசையின் வேலைக்குத் திருப்பிக் கட்டுவது. மோதிரவிரலை மடக்கிய நாணைக் கட்டைவிரலுக்குக் கட்டிவிட்டால், நோயாளி மோதிரவிரலை மடக்க நினைக்கிறார், கட்டைவிரல் அசைகிறது! முதலில் திகைப்பார்கள். கண்ணால் பார்த்துப் பார்த்துப் பழகி, சில வாரங்களில் கட்டைவிரலை நினைத்தே கட்டைவிரலை அசைக்க வந்துவிடும். கட்டளையை மூளை புதிதாக எழுதிக்கொண்டது. கண் மருத்துவரான அவர் மனைவி மார்கரெட் பிராண்டின் நோயாளிகளுக்குச் செய்யப்பட்ட அறுவை இன்னும் வியப்பானது. இமை மூட முடியாதவர்களுக்கு, மெல்லுகிற தசையிலிருந்து ஒரு பட்டையை எடுத்து இமையில் இணைத்தார்கள். பல்லைக் கடித்தால் கண் மூடும். ஆனால் விழி மரத்துப்போனவர்களுக்கு உறுத்தல் தெரியாது. ஆகவே நாள் முழுக்கத் தாங்களாகவே நினைவு வைத்துப் பல்லைக் கடிக்க வேண்டும். மறந்தால் விழி காய்ந்துவிடும். நமக்கு ஓயாமல் தானாக நடக்கும் இமைப்பு, அவர்களுக்கு ஓயாத வேலை.

இரண்டு பக்கமும் ஒன்றைச் சொல்கின்றன: கட்டளையும் பார்வையும் சேர்ந்தால் அசைவை மூளைக்குப் புதிதாகப் படிப்பிக்கலாம். ஆனால் பார்வையால் உரிமையைத் திருப்பித் தர முடிகிறதா? இங்கே இரண்டும் பிரிந்து போகின்றன. 1998-இல் பாட்வினிக், கோயன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் செய்த ரப்பர் கை சோதனையில், கண்முன் இருக்கும் ரப்பர் கையையும் மறைத்து வைத்த சொந்தக் கையையும் ஒரே நேரத்தில் தூரிகையால் வருடினார்கள். சில நிமிடங்களில் ரப்பர் கையே தன் கை என்று பலருக்குத் தோன்றிவிட்டது. அங்கே பார்வை வென்றது எதனால்? சொந்தத் தோலிலிருந்து தொடுகை வந்துகொண்டே இருந்ததால். தோல் பேசாத தொழுநோயாளிக்குக் கை கண்முன் இருந்தும் அந்த ஒட்டுதல் வரவில்லை. உணர்வு இருக்கும்போது ஒரு ரப்பர் துண்டு கூடச் சொந்தமாகிறது. உணர்வு போனால் பிறந்தது முதல் கூடவே வந்த கை அந்நியமாகிறது.

பிராண்ட் இதை விலை கொடுத்துக் கற்றார். 1966-இல் அமெரிக்காவின் லூசியானாவில் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போன பிறகு, செயற்கை வலி செய்ய முயன்றார். கையுறையிலும் காலணியிலும் அழுத்தம் உணரும் கருவிகள். அளவு மீறினால் காதில் ஒலி. ஒலியை நோயாளிகள் அசட்டை செய்தார்கள். ஒலிக்குப் பதில், உணர்ச்சி மிச்சமிருந்த அக்குளில் மின்னதிர்ச்சி வைத்துப் பார்த்தார். அதிர்ச்சி வரும் வேலையைச் செய்யும்முன் கருவியை அணைத்துவிட்டு, வேலையை முடித்தபின் திரும்பப் போட்டுக்கொண்டார்கள். பல ஆண்டு உழைப்பு அதோடு கைவிடப்பட்டது. எச்சரிக்கை சரியாகத்தான் வேலை செய்தது. அது அவர்களுடைய கையிலிருந்து வரவில்லை, எங்கிருந்தோ வந்த கண்டிப்பாக இருந்தது. வலி என்பது ஆபத்தைத் தெரிவிக்கும் மணி மட்டுமே என்றால் இந்தக் கருவி வென்றிருக்க வேண்டும். வலிக்கும் இடத்தைத் ‘தான்’ என்று ஆக்குவதும் வலியின் வேலை.

அதைவிடவும் நுட்பமான ஒன்றைக் கார்விலில் கண்டார்கள். நெடுந்தூரம் நடக்கும்போது நலமான மனிதன் அறியாமலே நடையை மாற்றிக்கொண்டே போகிறான். பாதத்தின் ஓரிடம் சூடேறினால் பாரத்தை இன்னோர் இடத்துக்கு நகர்த்துகிறான். வலி என்று சொல்லும் அளவுக்கு அங்கே எதுவும் இல்லை. கீழ்க்குரலில் ஓடும் உணர்வுதான். உணர்வற்ற பாதம் முதல் அடி வைத்தது போலவே ஆயிரமாவது அடியையும் வைக்கிறது. ஒரே இடம் திரும்பத் திரும்ப அமுங்கிப் புண்ணாகிறது. ஆணியும் கண்ணாடித் துண்டும் வேண்டியதில்லை, நடையே போதும்.

உணர்வை இழந்தும் மனிதன் சமாளிக்க முடியுமா? இயன் வாட்டர்மேன் என்ற ஆங்கிலேயர் 1971-இல், பத்தொன்பது வயதில், ஒரு காய்ச்சலுக்குப் பின் கழுத்துக்குக் கீழே தொடுவுணர்வையும் உடல்நிலை உணர்வையும் முழுக்க இழந்தார். தசைகள் நன்றாகவே இருந்தன; ஆனால் எழுந்து உட்காரக் கூட முடியவில்லை. ஒவ்வொரு அசைவையும் கண்ணால் பார்த்துக் கணக்கிட்டு நடக்கக் கற்றுக்கொண்டார். விளக்கு அணைந்தால் விழுந்துவிடுவார். வலியும் சூடு குளிரும் மட்டும் அவருக்கு மிஞ்சியிருந்தன. அவர் விரல்கள் தொழுநோயாளியின் விரல்கள் போலக் கரையவில்லை.

இதெல்லாம் எங்கோ நடந்த கதை என்று நாசரேத்தில் இருந்துகொண்டு சொல்ல முடியாது. புனித லூக்கா மருத்துவமனை 19-ஆம் நூற்றாண்டிலிருந்து இருக்கிற ஊர் இது. அதே பெயரில் பேய்க்குளத்தில் தொழுநோய் மருத்துவமனையும் எழுந்த வட்டாரம் இது. தொழுநோய் ஒழிந்துவிட்டது என்ற எண்ணம் நம்மிடம் பரவியிருக்கிறது. பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற அளவில் ஒழிக்கப்பட்டதாக 2005-இன் முடிவில் அறிவிக்கப்பட்டது உண்மை. ஆனாலும் இந்தியாவில் இன்றும் ஆண்டுக்கு லட்சம் பேர் அளவில் புதிதாகக் கண்டறியப்படுகிறார்கள். உலகின் புதிய நோயாளிகளில் பாதிக்கு மேல் இங்கேதான். இன்னொரு பக்கம், 2023-இல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வின் கணக்குப்படி நாட்டில் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய். அதுவும் பாத நரம்புகளை மெல்ல மெல்லக் கொல்கிறது. வேலூரிலும் கார்விலிலும் தொழுநோயாளிகளின் காலுக்காக வளர்த்தெடுத்த கட்டு முறையும் மிருதுவான ரப்பர் செருப்பும் இன்று சர்க்கரை நோயாளிகளின் காலைக் காப்பாற்றுகின்றன.

நான் ஒப்பிட்ட இரண்டு பேரும் ஒரே ஆளாகிவிடுவதும் இந்தச் சர்க்கரை நோயில்தான். பாதம் மரத்துப்போகிறது. செருப்பு கழன்று விழுந்ததும் தெரிவதில்லை, முள் தைத்ததும் தெரிவதில்லை. புண் ஆறாமல் கடைசியில் காலை எடுக்கிறார்கள். எடுத்த பிறகு, இருந்தபோது ஒன்றும் சொல்லாத அந்தக் கால் வலிக்கத் தொடங்குகிறது. சிம்மல் தொழுநோயாளிகளிடம் கேட்டறிந்தது இன்று நம் தெருவில் நடந்துகொண்டிருக்கிறது.

ஆகவே வாசகருக்கு மூன்று வேண்டுகோள். உங்கள் வீட்டில் கை கால் இழந்தவர் ‘அங்கே வலிக்கிறது’ என்று சொன்னால் நம்புங்கள்; அது மனப்பிரமை அல்ல, நரம்பு மருத்துவரிடமும் இயன்முறை மருத்துவரிடமும் கண்ணாடிச் சிகிச்சையைப் பற்றிக் கேளுங்கள். உடம்பில் எங்காவது உணர்ச்சியற்ற வெளிர்ந்த அல்லது சிவந்த தேமல் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். கூட்டு மருந்து அங்கே இலவசம், காலத்தோடு தொடங்கினால் நரம்பு தப்பிக்கும். சர்க்கரை உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது 10 கிராம் நைலான் இழையால் பாத உணர்வைச் சோதித்துக்கொள்ளுங்கள்; வெறுங்காலோடு நடக்காதீர்கள்; தினமும் இரவில் படுக்கும் முன் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து இரண்டு உள்ளங்காலையும் அதில் பாருங்கள், கண் மங்கியவர்கள் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.